காலில் இரத்த உறைவுக்கு அபிக்ஸபான் எடுக்கும் தந்தைக்குச் சிறுநீர்ப்பை அறுவை: முதுகில் ஊசியா, முழு மயக்கமா?

கேள்வி (நோயாளியின் மகள்)

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 67, எடை 62 கிலோ. ஆறு வாரங்களுக்கு முன் அவருடைய இடது கால் தொடை முதல் கணுக்கால் வரை வீங்கி, தொட்டாலே வலித்தது. டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் தொடையின் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருப்பது தெரிந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரையை முதல் ஏழு நாள் 10 மில்லிகிராம் வீதமும் அதன்பின் 5 மில்லிகிராம் வீதமும், காலையும் இரவும் தவறாமல் கொடுத்து வருகிறோம். வீக்கம் வடிந்து அவர் நன்றாக நடக்கத் தொடங்கிய நேரத்தில், நான்காம் வாரத்தில் சிறுநீர் சிவப்பாகப் போனது. மாத்திரையால் வந்தது என்றுதான் நாங்கள் எண்ணினோம். சிறுநீரக அறுவை மருத்துவர் அப்படி விட்டுவிடாமல் குழாய்க் கேமரா வழியே பார்த்தார். சிறுநீர்ப்பையின் பக்கச்சுவரில் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருக்கிறது. அதைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மூன்று மாதம் காத்திருக்க இயலாது என்று கூறி, அடுத்த வாரம் வியாழக்கிழமை காலைக்கு நாள் குறித்திருக்கிறார்.

தந்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் புகைபிடித்தவர். விட்டு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் நாள்பட்ட இருமலும், மாடி ஏறினால் இளைப்பும் உள்ளன. சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.4 என்று வந்திருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பான பரிசோதனையில் மருத்துவர், "நுரையீரலைப் பார்த்தால் முதுகில் ஊசி நல்லது, ஆனால் மாத்திரையை நினைத்தால் யோசிக்க வேண்டியிருக்கிறது" என்று கூறினார். மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தினால் போதும் என்று ஒருவரும், மூன்று நாள் நிறுத்த வேண்டும் என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். உறவினர்களோ, முழு மயக்கம் கொடுத்தால் இந்த வயதில் எழுந்திருப்பதே கடினம், முதுகு ஊசியைத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்கிறார்கள். நேற்று எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் எண்) 1.1 தான். அப்படியானால் இரத்தம் சரியாக உறைகிறது என்றுதானே பொருள்? பிறகு ஏன் மாத்திரையை நிறுத்த வேண்டும்? நிறுத்தும் நாட்களில் காலில் மீண்டும் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் எனக்குத் தூக்கமே வருவதில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால், அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் சரியான கேள்விகளைக் கேட்க எனக்கு உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (மயக்கவியல் மருத்துவர்)

சகோதரி, உங்கள் தந்தையை நேரில் பார்த்த மயக்கவியல் மருத்துவரின் முடிவே இறுதியானது. அவர் எதை எண்ணித் தயங்குகிறார் என்பதை மட்டும் என்னால் விளக்க முடியும்.

முதலில் ஐ.என்.ஆர். பற்றிய உங்கள் கேள்வி, ஏனென்றால் இந்தத் தவறான புரிதல்தான் மற்ற எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஐ.என்.ஆர். என்பது வார்ஃபரின் என்ற பழைய உறைவுத்தடுப்பு மாத்திரைக்காக ஏற்பட்ட அளவுகோல். அபிக்ஸபான் உடலில் முழு வீரியத்துடன் இருக்கும்போதுகூட ஐ.என்.ஆர். ஏறக்குறைய இயல்பாகவே காட்டும். எனவே 1.1 என்ற எண்ணை நம்பி முதுகில் ஊசி போடக் கூடாது. அபிக்ஸபானின் அளவை அறிய வேண்டுமானால், அந்த மருந்துக்கென்றே அளவீடு செய்யப்பட்ட காரணி 10ஏ (அபிக்ஸபான் தடுக்கும் உறைவுப் புரதம்) எதிர்ப்புப் பரிசோதனை தேவை. அது எல்லா ஆய்வகங்களிலும் செய்யப்படுவதில்லை. அது இல்லாத இடத்தில், கடைசி மாத்திரை எந்த நாள், எத்தனை மணிக்கு விழுங்கப்பட்டது என்பது ஒன்றே எங்களுக்கு அளவுகோல்.

முதுகு ஊசிக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்பீர்கள். கையிலோ காலிலோ ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடித்து நிறுத்திவிடலாம். முதுகெலும்புக்குள் அப்படி அழுத்த வழியில்லை. தண்டுவட உறையைச் சுற்றிலும் மெல்லிய சிரைகள் வலைபோலப் படர்ந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று கீறப்பட்டு, இரத்தமும் உறையாமல் கசிந்துகொண்டே இருந்தால், எலும்பால் சூழப்பட்ட அந்தக் குறுகிய இடத்தில் தேங்கும் இரத்தம் நரம்புகளை நெரிக்கும். சில மணி நேரத்துக்குள் அறுவை செய்து அதை வெளியேற்றாவிட்டால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். இது மிக அரிதான விபத்து. தண்டுவட உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிட்யூரல் முறையில் 1,50,000 பேரில் ஒருவர், உறைக்குள் மருந்து செலுத்தும் ஸ்பைனல் முறையில் 2,20,000 பேரில் ஒருவர் என்பது நீண்ட காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஆனால் அது எல்லா நோயாளிகளையும் சேர்த்துச் சொன்ன கணக்கு. 1994இல் தொகுத்து வெளியிடப்பட்ட 61 நிகழ்வுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இரத்தம் உறைவதில் ஏதோ ஒரு குறைபாடோ, அதைத் தடுக்கும் மருந்தோ இருந்தது. அமெரிக்காவில் எனாக்ஸாபரின் (ஹெபாரின் வகையைச் சேர்ந்த உறைவுத்தடுப்பு மருந்து) ஊசி புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இத்தகைய நிகழ்வுகள் அடுத்தடுத்துப் பதிவாகி, 1997இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருத்துவர்களுக்குத் தனி எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. இன்று நாங்கள் மணிக்கணக்குப் பார்ப்பதற்கு அந்த அனுபவமே காரணம்.

இனி, இரண்டு நாளா மூன்று நாளா என்பது. உங்களுக்குச் சொன்ன இருவரில் எவரும் தவறாகச் சொல்லவில்லை. இரத்தக் கசிவு அபாயம் அதிகமுள்ள அறுவைகளுக்கு, அறுவை நாளுக்கு முந்தைய இரண்டு முழு நாட்கள் அபிக்ஸபானை நிறுத்துவது வழக்கம். உங்கள் தந்தைக்கு வியாழன் காலை அறுவை என்றால், கடைசி மாத்திரை திங்கள் இரவு. அதாவது ஏறத்தாழ 60 மணி நேரம். முதுகில் ஊசி போடுவதென்றால், வட்டார மயக்க மருந்துக்கான அமெரிக்கச் சங்கத்தின் வழிகாட்டுதல், சிகிச்சை அளவில் அபிக்ஸபான் எடுப்பவருக்குக் குறைந்தது 72 மணி நேர இடைவெளியைக் கோருகிறது. அப்போது கடைசி மாத்திரை ஞாயிறு இரவு என்று ஆகிவிடும். ஆக, உங்கள் வீட்டில் "முதுகு ஊசியா, முழு மயக்கமா" என்று பேசப்படும் கேள்வியை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். முதுகு ஊசியால் உங்கள் தந்தையின் நுரையீரலுக்குக் கிடைக்கும் நன்மைக்காக, அவருடைய காலை மேலும் ஒரு நாள் மருந்தின் காவல் இல்லாமல் விடலாமா என்பதே இங்குள்ள உண்மையான கேள்வி.

அந்த ஒரு நாளின் எடையைத் தீர்மானிப்பது உறைவின் வயது. காலில் இரத்தம் உறைந்த முதல் மாதத்தில் மருந்தே இல்லாதிருந்தால் மீண்டும் உறைவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு என்றும், அடுத்த இரண்டு மாதங்களில் அது ஏறத்தாழ 10 விழுக்காடு என்றும் 1997இல் வெளியான ஒரு கட்டுரை கணக்கிட்டது. தள்ளிப்போடக்கூடிய அறுவைகளை மூன்று மாதம் கழித்துச் செய்யச் சொல்வது இதனால்தான். உங்கள் தந்தை வியாழனன்று ஏழாம் வாரத்தைத் தாண்டியிருப்பார். மிக மோசமான மாதம் கடந்துவிட்டது. மேலும் அந்த 10 விழுக்காடு என்பது இரண்டு மாதம் முழுவதும் மருந்தின்றி இருப்பவருக்கான கணக்கு. இங்கு நாம் பேசுவது சில நாட்களைப் பற்றி. இதே அறுவை மூன்றாம் வாரத்தில் வந்திருந்தால், அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்காமல் முழு மயக்கத்தையே தேர்ந்தெடுத்திருப்பேன்.

சிறுநீரகத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால், உங்கள் தந்தையின் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 45 மில்லிலிட்டர் வடிகட்டுகிறது என்று வருகிறது. 1.4 என்ற எண்ணைப் பார்த்தால் சிறிய குறைபாடு போலத் தோன்றும். 45 என்ற எண் அதன் உண்மையான அளவைக் காட்டுகிறது. அபிக்ஸபானில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது என்பதால் இது பெரிய தடையல்ல. டபிகாட்ரான் என்ற வேறொரு உறைவுத்தடுப்பு மாத்திரையாக இருந்தால், அதன் பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே போக வேண்டும் என்பதால் ஐந்து நாள்கூட நிறுத்த நேரிடும். இருந்தாலும் இவருக்கு நான் 72 மணி நேரத்தைக் கறாராகவே கடைப்பிடிப்பேன். இயலுமானால் அறுவை நாள் காலையில் மருந்தின் அளவையும் பார்த்து, மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக ஊசி போடுவேன்.

உறவினர்களின் அச்சத்தைப் பொறுத்தவரை, முழு மயக்கம் முதியவர்களுக்கு ஆகாது என்ற எண்ணத்துக்கு இன்றைய ஆய்வுகளில் வலுவான ஆதரவு இல்லை. இடுப்பெலும்பு முறிந்த 1,600 முதியவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஸ்பைனலும் மற்றவர்களுக்கு முழு மயக்கமும் கொடுத்து 2021இல் வெளியான ஆய்வில், 60 நாட்களுக்குப் பின் உயிரோடிருப்பதிலும் நடப்பதிலும் ஸ்பைனல் மேலானது என்று தெரியவரவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, முதுகு ஊசி காலில் இரத்தம் உறைவதை வெகுவாகக் குறைக்கிறது என்று காட்டியது உண்மை. ஆனால் அதில் சேர்க்கப்பட்ட ஆய்வுகளில் பல, தடுப்பு மருந்துகள் இன்றுபோல் எல்லோருக்கும் கொடுக்கப்படாத காலத்தவை. அதை வைத்துக்கொண்டு இன்று முடிவெடுக்க மாட்டேன்.

உங்கள் தந்தைக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. கட்டி பக்கச்சுவரில் இருக்கிறது என்கிறீர்கள். தொடையை உட்புறமாக இழுக்கும் ஆப்டுரேட்டர் நரம்பு அந்தச் சுவரை ஒட்டித்தான் செல்கிறது. சுரண்டும் மின்வளையம் அங்கே படும்போது தொடை திடீரென்று துள்ளும். அந்தத் துள்ளலில் சிறுநீர்ப்பையில் ஓட்டை விழக்கூடும். முழு மயக்கத்தில் தசைத் தளர்வு மருந்து கொடுத்தால் இந்தத் துள்ளல் வராது. முதுகு ஊசி மட்டும் போட்டிருந்தால் வரும். அதற்கு இடுப்பு மடிப்பில் தனியாக ஒரு நரம்புத் தடுப்பு ஊசி போட வேண்டியிருக்கும். ஸ்பைனலுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளி விழித்திருப்பதால் வயிற்றிலோ தோளிலோ வலி என்று சொன்னால், ஓட்டை விழுந்ததை உடனே கண்டுகொள்ளலாம்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தால், இளைப்பு உண்மையிலேயே அதிகம் என்றால் ஞாயிறு இரவுடன் மாத்திரையை நிறுத்திவிட்டு மெல்லிய ஊசியால் ஒரே முறை போடும் ஸ்பைனலையும், இளைப்பு மருந்துகளால் கட்டுக்குள் வருகிறது என்றால் முழு மயக்கத்தையும் தேர்வேன். எபிட்யூரல் குழாய் இந்த அறுவைக்குத் தேவையே இல்லை.

கேள்வி கேட்டவர்

மருத்துவர் ஐயாவுக்கு மனமார்ந்த நன்றி. ஐ.என்.ஆர். பற்றி இதுவரை எவரும் எங்களுக்கு இப்படிச் சொன்னதில்லை. நுரையீரல் பரிசோதனையில் காற்றுப்பாதை அடைப்பு மிதமானது என்று வந்திருக்கிறது. உறிஞ்சும் மருந்து தொடங்கியிருக்கிறார்கள். ஸ்பைனல் போட்டால் ஊசிக்குப் பிறகு எவ்வளவு நேரம் கவனமாக இருக்க வேண்டும், உடன் இருப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் யாராவது கூறினால் நன்றாக இருக்கும். மாத்திரையை நிறுத்தும் நாட்களில் ஹெபாரின் ஊசி போட வேண்டுமா, வயிற்றுச் சிரையில் வடிகட்டி வைக்க வேண்டுமா என்றும் ஒரு உறவினர் கேட்கிறார்.

மறுமொழி 2 (அறுவைக்குப் பின்பான பிரிவில் செவிலியர்)

சகோதரி, எதைக் கவனிக்க வேண்டும் என்பதை, நான் பணியாற்றிய ஓர் இடத்தில் நடந்ததைக் கொண்டே சொல்கிறேன். அதன்பின் எந்த நோயாளியிடமும் நான் அலட்சியமாக இருந்ததில்லை.

மூட்டு மாற்று அறுவை முடிந்த ஓர் அம்மாவுக்கு, வலிக்காக முதுகில் எபிட்யூரல் குழாய் இருந்தது. மாலை ஆறு மணிக்கு அவருக்கு 40 மில்லிகிராம் எனாக்ஸாபரின் ஊசி போடப்பட்டது. போட்டவர் மருந்துத் தாளில் கையொப்பம் இட்டார். ஆனால் நேரம் எழுத வேண்டிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டார். எட்டு மணிக்குப் பணி மாறிய பின் வந்தவர், காலையில் போட்ட ஊசிதான் அது என்று எண்ணிக் குழாயை உருவிவிட்டார். அந்த ஊசிக்குப் பின் பன்னிரண்டு மணி நேரமாவது கழித்தே குழாயை எடுத்திருக்க வேண்டும். குழாயை எடுப்பதும் குழாய் வைப்பதைப் போலவே ஆபத்தான தருணம் என்பது எங்களில் பலருக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.

நள்ளிரவில் இரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். அந்த அம்மா, "சாயங்காலம் மடக்கின கால் இப்ப மரக்கட்டை மாதிரி கிடக்கும்மா" என்று சொன்னார். முதுகு நடுவில் இறுக்கிப் பிடிப்பதுபோல் வலிக்கிறது என்றும் சொன்னார். மரத்துப்போகும் மருந்தின் தன்மை நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். குறைந்த பிறகு மீண்டும் கூடினால் அது மருந்தால் அல்ல. கட்டைவிரலை அசைக்கச் சொன்னேன். இரண்டு காலிலும் அசையவில்லை. உடனே மயக்கவியல் மருத்துவரை எழுப்பினேன். எம்.ஆர்.ஐ. எடுத்து, விடியும் முன்பே முதுகில் அறுவை செய்து தேங்கிய இரத்தத்தை வெளியேற்றினார்கள். சில வாரங்களுக்குப் பிறகு அவர் கைத்தடி ஊன்றி நடந்து வீடு திரும்பினார். கால் செயலிழந்து எட்டு மணி நேரத்துக்குள் அந்த அறுவை நடந்தால்தான் மீள்வதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நான் அன்று போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

எனவே ஸ்பைனல் போட்டால், கால் எப்போது அசையத் தொடங்கியது என்பதை ஒரு தாளில் நேரத்துடன் குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து மணி நேரம் கடந்தும் கால் அசையவில்லை என்றாலும், அசைந்த கால் மீண்டும் கனத்தாலும், முதுகில் புதிதாக வலி எழுந்தாலும் உடனே குரல் கொடுங்கள். சிறுநீர் அடைத்துக்கொள்வதும் ஓர் அறிகுறிதான்; ஆனால் உங்கள் தந்தைக்குச் சிறுநீர்க் குழாய் போட்டிருப்பார்கள் என்பதால் அது தெரியாது. அதனாலேயே காலை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும். அறுவைக்குப் பின் இரத்தம் உறையாமல் இருக்க எந்த ஊசி போட்டாலும், "எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டு நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இருக்காது.

மறுமொழி 3 (இரத்தவியல் மருத்துவர்)

ஹெபாரின் ஊசியும் வடிகட்டியும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அபிக்ஸபான் நிறுத்தியவருக்கு இடையில் ஹெபாரின் போடுவது தேவையற்றது. பெரும்பாலும் தீமையே செய்யும். வார்ஃபரினை ஐந்து நாள் முன்பே நிறுத்த வேண்டியிருந்த காலத்தில், அந்த நீண்ட இடைவெளியை நிரப்ப ஹெபாரின் போடும் வழக்கம் வந்தது. அபிக்ஸபான் விரைவில் வெளியேறி, மீண்டும் தொடங்கியதும் சில மணி நேரத்தில் வேலை செய்வதால் நிரப்புவதற்கு இடைவெளியே அதிகம் இல்லை. வார்ஃபரின் எடுப்பவர்களிடமே இந்த வழக்கம் கேள்விக்குள்ளாகிவிட்டது. சீரற்ற இதயத் துடிப்புள்ள 1,884 பேரை வைத்து 2015இல் வெளியான ஆய்வில், இடையில் ஊசி போட்டவர்களில் 3.2 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கும் பெரும் இரத்தக் கசிவு ஏற்பட்டது. உறைவைத் தடுப்பதில் ஊசியால் பலன் கிடைக்கவில்லை. அவர்கள் உங்கள் தந்தையைப் போன்ற நோயாளிகள் அல்லர். மூன்று மாதத்துக்குள் காலில் உறைவு வந்து வார்ஃபரின் எடுப்பவருக்கு இன்றும் சில நேரங்களில் நான் ஹெபாரின் போடுவதுண்டு. ஆனால் உங்கள் தந்தையின் மாத்திரைக்கு அது பொருந்தாது.

வடிகட்டி என்பது, காலில் பெயர்ந்த உறைவு நுரையீரலுக்குப் போகாமல் பிடித்து நிறுத்துவதற்காக, உறைவு ஏற்பட்ட முதல் சில வாரங்களுக்குள் தவிர்க்க இயலாத அறுவை வந்து, மருந்தைக் கொடுக்கவே முடியாத நிலையில் வைப்பது. ஏழாம் வாரத்தில், சில நாட்கள் மட்டும் நிறுத்துபவருக்கு நான் வைக்க மாட்டேன். வைத்த வடிகட்டியை எடுக்க மறந்து, பிறகு அதிலேயே இரத்தம் உறைந்து வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

மயக்கவியல் நண்பர் சொன்னதில் ஓரிடத்தில் மட்டும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. ஸ்பைனலுக்காகக் கூடுதலாக ஒரு நாள் என்று அவர் கணக்கிட்டார். அறுவைக்கு முன்பான நாட்களைவிட அறுவைக்குப் பின்பான நாட்களே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. அறுவை செய்த உடல் இரத்தத்தை உறையவைக்கும் போக்கிலேயே இருக்கும். புற்றுநோயாக இருந்தால் அந்தப் போக்கு இன்னும் கூடும். சிறுநீர்ப்பையைச் சுரண்டிய இடத்தில் கசிவு நிற்கும்வரை முழு அளவு மாத்திரையைத் தொடங்க இயலாது. சிறுநீர் தெளிந்தபின், பொதுவாக 48 முதல் 72 மணி நேரத்தில் தொடங்குவோம். அதற்கு முன்பே கசிவு அனுமதித்தால் தடுப்பு அளவில் (சிகிச்சை அளவைவிடக் குறைவாக) ஊசி போடுவோம். சிறுநீர் தெளிய ஐந்து நாள் ஆகிவிட்டால், முன்னால் மிச்சப்படுத்திய ஒரு நாளுக்குப் பொருளே இல்லாமல் போகும். ஆகவே எந்த மயக்க முறை என்று கேட்கும் அதே சந்திப்பில், மாத்திரையை எப்போது, எந்த அளவில், யார் சொல்லித் தொடங்குவது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அறுவை மருத்துவர் ஒன்றும் நாங்கள் ஒன்றும் சொல்லி, நடுவில் நோயாளி மாத்திரையே எடுக்காமல் இரண்டு வாரம் இருந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இடது காலைப் பற்றியும் ஒரு சொல். உறைவு உள்ள காலில், அழுத்தி அழுத்தி விடும் காற்றுப் பை உறையை மாட்டக் கூடாது. இந்த அறுவையில் கால்களை உயர்த்தி விரித்து வைப்பார்கள். கெண்டைக்கால் தாங்கியில் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளும்படி முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவை கசிவைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. பாராசிட்டமால் போதும். மீன் எண்ணெய், பூண்டுச் சத்து, ஜின்கோ மாத்திரைகள் எதையாவது எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 4 (மயக்கவியல் மருத்துவர், மறுமொழி 1 எழுதியவர்)

பின்பான நாட்களைப் பற்றி இரத்தவியல் மருத்துவர் சொன்னது சரி. என் கணக்கில் அது விடுபட்டுவிட்டது. ஒன்றைச் சேர்க்கிறேன். ஸ்பைனல் போட்டிருந்தால், அறுவைக்குப் பின் முதல் ஊசிக்கும் மாத்திரைக்கும் எங்களிடமும் ஒரு கால இடைவெளி உண்டு. ஊசி குத்தும்போது இரத்தம் வந்திருந்தால் அந்த இடைவெளி இன்னும் நீளும். அதைக் குறிப்பேட்டில் எழுதி, அறுவை மருத்துவருக்கும் சொல்லிவிடுவது எங்கள் கடமை.

முழு மயக்கம் என்று முடிவானால், இரத்தம் உறையாமல் இருப்பவருக்கு மூக்கு வழியே குழாய் செலுத்த மாட்டோம். வாய் வழியே மென்மையாகச் செலுத்துவோம். இப்போதைய இளைப்பு புகையால் வந்ததா, காலிலிருந்து நுரையீரலுக்குச் சிறிய உறைவு ஏதும் போனதால் வந்ததா என்பதை அதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இதயத்தின் வலப்புறம் சிரமப்படுகிறதா என்று எக்கோ பரிசோதனையில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். மயக்கத்தின்போது, மூச்சுக்காற்றில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடின் அளவு திரையில் சட்டென்று சரிந்தால், நுரையீரல் தமனி அடைபட்டிருக்குமோ என்றுதான் எங்கள் எண்ணம் முதலில் ஓடும். எனவே இதயத்தின் முந்தைய நிலையை அறிந்திருப்பது அந்த நொடியில் பெரிதும் உதவும்.

கேள்வி கேட்டவர் (இரண்டு வாரங்களுக்குப் பிறகு)

நடந்ததை எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் வலப்புறம் இயல்பாக இருந்தது. அங்குள்ள மயக்கவியல் மருத்துவர் ஸ்பைனல் என்றே முதலில் முடிவு செய்து, ஞாயிறு இரவு எட்டு மணியுடன் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். ஏழு நாட்களுக்கும் காலை, இரவு என்று பதினான்கு அறைகள் கொண்ட மாத்திரைப் பெட்டியில்தான் தந்தை மருந்து எடுப்பார். திங்கள் முதல் புதன் வரையிலான ஆறு அறைகளிலிருந்தும் அபிக்ஸபானை நானே எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். புதன் மாலை பெட்டியைத் துடைத்து வைக்கும்போது எண்ணிப் பார்த்தேன். நான் எடுத்து வைத்த சிறு பையில் ஐந்து மாத்திரைகளே இருந்தன. தந்தையிடம் கேட்டேன். திங்கள் இரவு அறையில் இருந்த எல்லாவற்றையும் வழக்கம்போல் விழுங்கியதாகச் சொன்னார்.

முன்பாக இருந்தால், ஒரு மாத்திரைதானே என்று சொல்லாமல் விட்டிருப்பேன். மறுமொழி 1இல் படித்த 60 மணி, 72 மணிக் கணக்கு நினைவுக்கு வந்ததால் உடனே தொலைபேசியில் தெரிவித்தேன். மயக்கவியல் மருத்துவர் கோபிக்கவில்லை. அந்த மருந்தின் அளவை அளக்கும் பரிசோதனை அங்கே இல்லை. அறுவைக்கு இந்த இடைவெளி போதும், முதுகில் ஊசிக்குப் போதாது, அறுவையைத் தள்ளிப்போட்டு மீண்டும் மாத்திரையைத் தொடங்கி நிறுத்துவதைவிட முழு மயக்கமே நல்லது என்று கூறினார். உறிஞ்சும் மருந்தை அன்றிரவும் மறுநாள் அதிகாலையும் தவறாமல் எடுக்கச் சொன்னார். வியாழன் காலை முழு மயக்கத்தில் அறுவை நடந்தது. தந்தை கண் விழித்ததும் தொண்டை கரகரக்கிறது என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாத்திரையை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை முன்பே எழுதி வாங்கியிருந்தோம். வெள்ளி மாலை தடுப்பு அளவில் எனாக்ஸாபரின் போட்டார்கள். மணி ஆறே காலாகியிருந்தது, குறித்துக்கொண்டேன். சனிக்கிழமை சிறுநீர் தெளிந்து குழாயை எடுத்தார்கள். ஞாயிறு இரவு 5 மில்லிகிராம் அபிக்ஸபான் மீண்டும் தொடங்கியது. இடது காலைத் தினமும் நூலால் அளந்து வலது காலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன், வீக்கம் இல்லை. கட்டியின் பரிசோதனை முடிவு இன்று காலை வந்தது. புற்றுநோய்தான், ஆனால் தசை வரை இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறது. ஆறு வாரத்தில் மீண்டும் ஒருமுறை உள்ளே பார்க்க வேண்டுமாம். அப்போது உறைவு ஏற்பட்டு மூன்று மாதம் கடந்திருக்கும். பெட்டியின் அறைகளைக் காலி செய்யும்போது இம்முறை மாத்திரைகளை நானும் தம்பியும் தனித்தனியே எண்ணப்போகிறோம்.